பால் வராத கீரை

அந்தச் செடி முதலில் முளைத்தது பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், சுவரோரம் போட்டிருந்த ஆறு நாற்காலிகளுக்கு அடியில். வெள்ளை ஓடு பதித்த தரை அது, இரண்டு ஓடுகளுக்கு நடுவே ஊசி நுழைய இடமிருக்காது. ஆனாலும் காலை ஒன்பது மணிக்குப் பெருக்கித் துடைத்த இடத்தில் பதினோரு மணிக்கு அது விரல் உயரம் நின்றது. சிவந்த தண்டு, சட்டைப் பொத்தான் அளவுக்குத் தடித்த உருண்டை இலைகள். பல் டாக்டர் ஈரக்கசிவு என்று நினைத்துக் கொத்தனாரைக் கூப்பிட்டார். கொத்தனார் ஓட்டைத் தட்டிப் பார்த்து, கசிவெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, வந்தது வந்தோம், இந்தக் கடைவாய்ப் பல்லையும் காட்டிவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்தார். உள்ளேயிருந்து துளைக்கும் கருவியின் சத்தம் கேட்டது. கால் மணி நேரத்தில் அவர் நாற்காலிக்கு அடியில் புதிதாக மூன்று செடிகள் நின்றன.

அந்த மாத முடிவுக்குள் அது பரீட்சை மண்டபத்திலும் வரி அலுவலக வரிசையிலும் அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே இருந்த நீளமான பெஞ்சின் கீழும் வந்துவிட்டது. யாரும் பயப்படாத இடங்களில், உதாரணமாகப் பூங்காவில், தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆட்கள் பயப்படுகிற இடத்தில் அது முளைக்கிறது என்பதை ஊர் ஒரே வாரத்தில் புரிந்துகொண்டு, மழைக்காலத்தில் குடை எடுத்துக்கொண்டு போவது மாதிரி, பயமான இடத்துக்குப் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு போகப் பழகியது. வீட்டில் முளைத்தால் விருந்தாளி வருவதற்குள் பிடுங்கிப்போட்டார்கள். அதற்கு மேல் யாரும் அதைப்பற்றி யோசிக்கவில்லை.

யோசித்தது ஒரே ஒருத்தி. பல் டாக்டரின் இடத்தைப் பெருக்கித் துடைக்கிறவள். டாக்டரிலிருந்து நோயாளி வரை எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட இருபது வயது மூத்தவர்களும். தினமும் அந்தச் செடியைப் பிடுங்குகிற கை அவளுடையது என்பதால், அது ஒரு செடி இல்லை, இரண்டு என்று அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் தண்டை ஒடித்தால் ஒன்றில் வெள்ளையாகப் பால் வரும். அந்தப் பால் பட்ட விரலில் கொப்புளம் வந்து நான்கு நாள் இருக்கும். மற்றதில் தண்ணீர் மாதிரித் தெளிவாக ஒரு சொட்டு நிற்கும், கையை ஒன்றும் செய்யாது. பல்லைக் காட்ட வந்தவர்களின் நாற்காலிக்கு அடியில் முளைத்தது எல்லாம் பால் வருகிற ஜாதி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த தாயின் நாற்காலிக்கு அடியில் முளைத்தது பால் வராத ஜாதி. ஆறு மாதம் ஒடித்து ஒடித்துப் பார்த்து அக்கா கணக்கை நேராக்கிக்கொண்டாள். தனக்காகப் பயந்தால் பால் வரும், இன்னொருவருக்காகப் பயந்தால் வராது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவரும் இல்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பாலம் விழுந்தது. ஊருக்குள் வண்டி வர இருந்த வழி அது ஒன்றுதான். கீழே ஆறு, அந்தப் பருவத்தில் படகு போக முடியாத வேகம். மறுபடி கட்ட மூன்று மாதம் ஆகும் என்று அக்கரையிலிருந்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடைகளில் இருந்த சரக்கு முப்பது நாளுக்கு வந்தது, கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் நாற்பது. அன்று சாயங்காலமே எல்லா வீட்டுக் கூடத்திலும் செடி முளைத்தது. சமையலறையில் இடுப்பு உயரம் நின்றது. தின்பது தீரப்போகிற ஊரில் தரையெல்லாம் பச்சையாக நின்றதைப் பார்த்தால் யாருக்கும் தோன்றக்கூடியது தபால்காரருக்கு முதலில் தோன்றியது. பாலம் விழுந்து கடிதம் நின்றதும் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தவர், தன் கட்டிலுக்கு அடியில் முளைத்ததைப் பறித்து வேகவைத்துத் தின்றார். நாக்கு வீங்கி வாய் மூட முடியாமல் கிடந்து மூன்றாம் நாள் செத்துப்போனார். அவரைத் தூக்கிக்கொண்டு போன தெரு முழுவதும் அன்று முழங்கால் அளவுக்கு முளைத்து, தூக்கிய நான்கு பேரும் காலை வீசி வீசி நடக்கவேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நகராட்சி விழித்துக்கொண்டது. நகரமன்றத் தலைவர் எந்த விஷயத்தையும் பேசி முடித்த பிறகே யோசிக்கிறவர். அவர் ஒலிபெருக்கி வண்டியில் ஊரைச் சுற்றிவந்து, இந்தச் செடி தன் நிர்வாகத்தின் தொலைநோக்கால் விளைந்தது என்றும், உண்ணத் தகுந்ததா என்பதை முறைப்படி ஆராய்ந்து அறிவிப்பதாகவும் சொன்னார். முறை என்றால் இரண்டு படி. முதல் படி உலர்செடிக் காப்பகம். அங்கே செடிகளைத் தாளுக்கு நடுவே வைத்து நசுக்கிக் காயவைத்து, அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதுவார்கள். அதன் காப்பாளரை ஊர் சருகு என்று கூப்பிட்டது, முகத்துக்கு நேராகச் சருகு ஐயா. முப்பது வருடத்தில் அவர் பதினோராயிரம் செடிகளுக்குப் பெயர் வைத்தவர். உயிருள்ள செடி ஒன்றைக்கூடத் தொட்டவரில்லை, பச்சை இலையைப் பார்த்தால் இன்னும் தயாராகவில்லை என்பார். விதிப்படி ஒரு செடி நாற்பது நாள் காய வேண்டும். அவசரம் கருதி அதைப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் இரண்டு ஜாதியும் ஒரே பழுப்பாக, ஒரே தடிமனாக அட்டையில் படுத்திருந்தன. பால் வந்ததற்கோ வராததற்கோ அடையாளம் எதுவும் மிச்சமில்லை. சருகு அவற்றுக்கு ஒரே பெயர் வைத்தார், அட்டையின் இரண்டு வரிக்கு நீண்ட பெயர். உண்ணத் தகுந்தது என்று முத்திரை குத்தினார். தபால்காரர் விஷயத்தைக் கேட்டபோது, அது அனுமதிக்கு முன் உண்டதால் வந்த கோளாறு என்று குறிப்பு எழுதினார்.

இரண்டாவது படி அக்காவின் கணவர்.

அவருடைய பதவி நகராட்சி முதன்மைச் சுவை ஆய்வாளர். எந்தக் காலத்திலோ ஊருக்குள் கெட்ட மாவு வந்து பலர் செத்ததால் உண்டாக்கிய பதவி அது. புதிதாக ஓர் உணவு ஊருக்குள் வந்தால் அதை அவர் மேடையில் எல்லார் முன்னும் உண்டு, வெயில் சாயும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து நடந்து போனால் ஊர் உண்ணலாம். அவர் பதவிக்கு வந்த இருபத்திரண்டு வருடத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை. ஆகவே ரொட்டிக் கடை திறப்பு விழாக்களில் முதல் துண்டைத் தின்று கண்ணை மூடி, ‘சுவை உள்ளது’ என்று அறிவிப்பதே வேலையாக இருந்தது. அதற்கு ஒரு நீல அங்கியும் வெள்ளிக் கரண்டியும் எந்த விழாவிலும் முன்வரிசை நாற்காலியும் உண்டு. ஊர் அவரை நாக்கு என்று கூப்பிட்டது. அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். மனைவி பல் டாக்டரிடம் பெருக்குவதைப் பற்றி யாராவது கேட்டால், இரண்டு பேரும் வாய் சம்பந்தமான துறையில் இருக்கிறோம் என்பார்.

மேடை நாள் வெள்ளிக்கிழமை என்று புதன்கிழமை நகராட்சி ஆள் ஒருவர் கடிதம் கொண்டுவந்தார். நாக்கு அதைப் படித்துவிட்டு அங்கியை எடுத்து வெயிலில் போட்டார், கரண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார், பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தபோது கடமை என்றார். அன்று மத்தியானம் கட்டிலில் அவர் படுக்கிற பக்கம் தரையிலிருந்து செடி எழுந்து மெத்தையைத் தொட்டது. அவர் குளிக்கப் போன நேரத்தில் அக்கா ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தாள். பால். இன்னொன்றை ஒடித்தாள். அதிலும் பால். தன் பக்கம் குனிந்து ஒடித்தாள். தெளிந்த தண்ணீர் சொட்டியது. ஒடித்ததை எல்லாம் தாளில் சுற்றித் தூரப்போட்டாள். அவர் வந்ததும் அந்தப் பேச்சை எடுக்காமல், செடி இரண்டு ஜாதி என்பதை மட்டும் சொன்னாள். பால் வருவதுதான் தபால்காரரைக் கொன்றது என்றும் சொன்னாள்.

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். நம்பினார் என்பது அவர் காலடியில் தெரிந்தது.

“முடியாதுன்னு சொல்லிடுங்க,” என்றாள்.

“இருபத்திரண்டு வருஷம் முன்வரிசையில உக்காந்துட்டு இப்ப முடியாதுன்னா, ஊரு என்ன பேசும்?”

“நாலு நாள் பேசும்.”

“அப்புறம் என்னை எதுல சேத்துக்குவாங்க, சொல்லு. அந்தக் கரண்டியத் தவிர எங்கிட்ட என்ன இருக்கு?”

அக்கா அவர் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள். மறுநாள் காலை வேலைக்குப் போகாமல், மேடைக்கான கீரை எங்கே பறிக்கிறார்கள் என்று விசாரித்தாள். நகராட்சி வளாகத்துக்குள் விளைந்தது மட்டுமே செல்லும் என்று உத்தரவு இருந்தது. வளாகத்தில் அது கரும்பு மாதிரி விளைந்திருந்தது. தலைவர் அறை வாசலில் கதவு திறக்க முடியாத அளவுக்கு, உறுப்பினர்கள் உட்காரும் மண்டபத்தில் மேசைக்கு மேலே தலை மட்டும் தெரிகிற அளவுக்கு. ஊர் கொதித்துப்போய்த் தங்கள் நாற்காலியைப் பிடுங்கிவிடுமோ என்று இருபது பேரும் இரண்டு வாரமாகப் பயந்து வளர்த்த விளைச்சல். அக்கா ஒரு மணி நேரம் அதற்குள் நடந்து நாற்பது தண்டு ஒடித்தாள். நாற்பதிலும் பால். கை முழுக்கக் கொப்புளத்தோடு, வளாகத்தில் ஒடித்ததில் ஒன்றையும் தன் கட்டிலடியில் பறித்ததில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். வாசலில் ‘ஈரமான செடிகளுக்கு அனுமதி இல்லை’ என்று பலகை இருந்தது. அதைத் தாண்டி உள்ளே போனாள்.

சருகு மேசையிலிருந்து தாள்களைப் பதறி நகர்த்தினார். “இது ஈரமா இருக்கேம்மா.”

“செடின்னா ஈரமாத்தாங்க ஐயா இருக்கும்.”

“அது உங்க அனுபவம். எங்க துறையில ஈரத்தைக் கணக்குல எடுக்கிறதில்ல.”

அவள் இரண்டு தண்டையும் அவர் முன்னால் ஒடித்துக் காட்டினாள். பால் மேசையில் சொட்டி வார்னிஷில் ஒரு குழி பறித்தது. அவர் ஒரு தாளை எடுத்து அந்தக் குழியை மூடினார். பிறகு, பன்னிரண்டு நாள் காய்ந்தால் இந்த வித்தியாசம் தானாகச் சரியாகிவிடும் என்றும், முத்திரை குத்திய பிறகு ஒரு செடியை இரண்டாக்க மனு போட்டு நாற்பது நாள் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். சொல்லும்போதே அவர் நாற்காலிக் காலைச் சுற்றி ஒன்று எழுந்துவந்தது. அவர் அதை ஓரக்கண்ணால் பார்த்து, காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டார். அக்கா அதை ஒடித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சி முன்னால் இருந்த மைதானத்தில் பலகை மேடை போட்டிருந்தது. ஊர் மொத்தமும் வந்திருந்தது, இரண்டு நாளாக ஒரு வேளை மட்டும் தின்ற முகத்தோடு. மேடையில் மூன்று நாற்காலி, ஒரு மேசை, வெள்ளை விரிப்பு, மூடி வைத்த தட்டு. நாக்கு அங்கியில் வந்து உட்கார்ந்தபோது யாரோ கைதட்டிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். தலைவர் எழுந்து, பயம் என்பது தன் பரம்பரைக்கே தெரியாத ஒன்று என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் முடிவதற்குள் அவருடைய இரண்டு செருப்புக்கும் நடுவே பலகை விரிசலில் ஒரு சிவந்த தண்டு எட்டிப் பார்த்தது. அவர் அதை மிதித்தார். மிதித்த காலுக்குப் பக்கத்தில் இரண்டு வந்தன. அவர் குரலை உயர்த்தினார். அவை அவரோடு சேர்ந்து உயர்ந்தன. முழங்கால் வரைக்கும் இலை மூடிய ஒரு மனிதர் துணிச்சலைப் பற்றிப் பேசுவதை ஊர் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று சிரிக்கிற அளவுக்கு யாரிடமும் தெம்பு இல்லை.

தட்டைத் திறந்தார்கள். தண்டும் இலையுமாக, கழுவி அடுக்கிய பச்சைக் கீரை. வெள்ளிக் கரண்டி அதில் இறங்கி அப்படியே நின்றது.  நாக்கின் நாற்காலியைச் சுற்றி எழுந்தது அவர் மார்பு வரை வந்துவிட்டது. அவர் யாரையும் பார்க்கவில்லை. கரண்டியைத் தூக்கினார்.

முன்வரிசையில் நின்ற அக்காவுக்கு அப்போது காலடி மண் வெடிப்பது தெரிந்தது. சில்லென்று கணுக்காலில் ஏறியது, முழங்காலில் ஏறியது, பக்கத்தில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டார்கள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் அவருக்காகப் பயந்ததெல்லாம் ஒரே சமயத்தில் தரைக்கு மேலே வந்தது போல, இடுப்புவரை பசேலென்று நின்றது. அவள் இரண்டு கையாலும் ஒரு கட்டு பறித்தாள். மேடையேறினாள். தட்டிலிருந்து ஒரு தண்டை எடுத்து விரிப்பின் மேல் ஒடித்தாள். பால் சொட்டிய இடம் பழுப்பாகிச் சுருங்கி ஓட்டையானது. தன் கையிலிருந்ததை ஒடித்தாள். விரிப்பில் தண்ணீர் சொட்டியது, அவ்வளவுதான். அவள் பேச்சுக்காரி இல்லை.

“இதச் சாப்பிடுங்க,” என்றாள். “இது உங்களுக்காக வந்தது.”

தலைவர் இதற்கு அனுமதி இல்லை என்றார். ஊர் ஓரடி முன்னால் வந்தது. அவர் மூன்றாவது நாற்காலியில் இருந்த சருகைப் பார்த்தார். சருகு கால்கள் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கி வைத்தபடி, மைதானம் நகராட்சிக்குச் சொந்தமானது, ஆகவே மைதானத்தில் விளைந்ததும் வளாகத்தில் விளைந்ததாகவே கருதப்படும் என்று விளக்கம் கொடுத்தார். முப்பது வருட உத்தியோகத்தில் அவரால் ஓர் உயிர் பிழைத்தது அந்த ஒரு முறைதான்.

நாக்கு கரண்டியை வைத்துவிட்டுக் கையால் எடுத்துத் தின்றார். முழுவதையும் தின்றார். பிறகு வெயில் சாயும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றி ஊரில் இன்றும் யாரும் பேசுவதில்லை. அவர் ஒருமுறை இருமினார், மைதானம் முழுக்க ஒரே மூச்சில் ஒரு விரல் உயரம் வளர்ந்தது. ஒவ்வொருவர் காலடியிலும் அவரவர் பயம் நின்றது. எப்படிப் பார்ப்பது என்பதை இப்போதுதான் எல்லாரும் பார்த்திருந்தார்கள். முதலில் ஒருவர் குனிந்து தன்னுடையதை ஒடித்தார். பிறகு பத்துப் பேர். சிலர் ஒடித்ததைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மண்ணைத் தள்ளி மூடினார்கள். சிலர் ஒடிக்கவே இல்லை, அன்றும் சரி, பிறகும் சரி. ஒரு கணவன் மனைவி ஒடித்ததில் பால் வந்ததைப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றான். எதற்கும் கலங்காத, கல் நெஞ்சுக்காரர் என்று பெயரெடுத்த மூத்த வாத்தியாரைச் சுற்றித் தோள் உயரம் வளர்ந்திருந்தது. ஒடித்தால் தண்ணீர். அவர் வெட்கப்பட்டு அதற்குள்ளேயே குந்திக்கொண்டார்.

வெயில் சாய்ந்தது. நாக்கு எழுந்தார். அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டார். ஊர் அறிவிப்புக்குக் காத்திருந்தது.

“உப்பு போட்டா நல்லாயிருக்கும்,” என்றார்.

பாலம் கட்டி முடிக்கும்வரை ஊர் அதைத் தின்றது. ஒடிக்காமல் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது குழந்தைக்கும் தெரிந்துபோனது. பெரிய குடும்பங்கள் நன்றாகச் சாப்பிட்டன, தனியாக இருந்தவர்களுக்காகப் பயப்பட ஆளில்லாததால் அவர்கள் தெருவில் யாரோடாவது போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. உறுப்பினர்கள் இருபது பேரும் பட்டினி கிடந்து, பிறகு அவரவர் மனைவிமாரின் பக்கத்தில் விளைந்ததைத் தின்று தேறினார்கள். தலைவர் அறையை இரண்டு முறை சிமெண்டு போட்டு மூடியும் பயனில்லை. அவர் பதவி விலகிய மறுநாள் தானாக நின்றது. சருகின் அட்டை இன்னும் காப்பகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது, அந்த நீண்ட பெயரோடு. கீழே சின்ன எழுத்தில், ‘ஈரமான நிலையில் ஆராயப்படவில்லை’ என்று சேர்த்திருக்கிறார்கள்.

பாலம் வந்து கடைகளில் எல்லாம் கிடைத்த பிறகும் நாக்கின் வீட்டில் அந்தக் கீரையை விடவில்லை. அவர் அக்கரையில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து தினமும் பாலத்தைக் கடந்து போய்வந்தார். சரியான நேரத்துக்கு வந்தால் வீட்டில் கீரை இல்லை. அரை மணி நேரம் பிந்தினால் வாசற்படியில் ஒரு வேளைக்குத் தேவையானது நிற்கும். இதைக் கண்டுபிடித்த பிறகு, வாய்க்கு ருசியாக வேண்டும்போல இருக்கிற நாட்களில் அவர் தெருமுனையில் நின்று யாரோடாவது பேசிவிட்டு வந்தார். வேண்டுமென்றே நிற்கிறார் என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தாள், அது பாட்டுக்கு முளைத்தது. கட்டிலில் அவர் படுக்கிற பக்கம் எப்போதாவது முளைப்பதை அவள் அவர் பார்க்காதபோது ஒடித்துப் பார்ப்பாள். நெஞ்சு வலி வந்த வருடம் பால். கிடங்கில் ஆள் குறைத்த வருடம் பால். தாளில் சுற்றித் தூரப்போட்டுவிடுவாள். பதினெட்டு வருடம் இப்படி ஒடித்தாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு பேர் சாப்பிட ஒருத்தி பயந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

அக்காவுக்கு அறுபது நெருங்கியபோது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அக்கரை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். கூட வருகிறேன் என்றவரை, சும்மா பரிசோதனைதான் என்று சொல்லி வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அடியில் முளைத்ததை ஒடித்தாள். வாழ்நாளில் முதல்முறையாக அவளுடையதில் பால் வந்தது. பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கட்டி கெட்டதில்லை என்று சொல்ல மூன்று மணி ஆகிவிட்டது. திரும்பும்போது பஸ் பாலத்துக்கு நடுவே நின்றுபோய் இன்னும் ஒன்றரை மணி நேரம் போனது.

வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். நாற்காலி தெரியவில்லை. வாசல், படி, சுவரில் பாதி, எல்லாம் இலையாக இருந்தது. அதற்கு மேலே அவர் முகம் மட்டும் கோபமாக இருந்தது.

“எங்க போய்த் தொலஞ்ச? ஒரு சேதி சொல்லி அனுப்ப மாட்டியா?”

“பஸ் நின்னுடுச்சு. கட்டி ஒண்ணும் இல்லையாம்.”

“அத முதல்ல சொல்றதுக்கென்ன.”

அக்கா பையைக் கீழே வைத்தாள். குனிந்து அவர் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தண்டை எடுத்து ஒடித்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு சொட்டு திரண்டது, கண்ணாடி மாதிரி. சில சமயம் பால் தாமதமாக வரும் என்பதால் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை.

“என்ன அப்படிப் பாக்குற?”

“ஒண்ணுமில்ல. எழுந்திரிங்க, பறிக்கணும்.”

அவர் எழுந்து ஒரு பக்கம் பிடித்துக்கொடுக்க, அவள் பறித்தாள். மடி நிறைந்து, பையும் நிறைந்து, இன்னும் பாதி வாசல் மிச்சம் இருந்தது. அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அன்றைக்கு அவர் உப்பு குறைவு என்றார். அவள் சரியாக இருக்கிறது என்றாள்.